பித்தாகரஸ் சாப்பாடு: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: கணக்குப் பாடத்தில் வருகிற பித்தாகரஸ் சுத்த சைவமாமே, உண்மையா?

அவர் எழுதியதாக நம்பக்கூடிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. அதனால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செத்தவரின் உயிர் வேறொரு உடலில் பிறக்கும் என்று அவர் நம்பினார், அது உறுதி. கவிஞர் செனோபனஸ் அதை வைத்துக் கிண்டலே அடித்திருக்கிறார்: நாய்க்குட்டியை ஒருவன் அடிக்க, ‘நிறுத்து, அது என் நண்பனின் உயிர், குரலிலேயே தெரிகிறது’ என்றாராம் பித்தாகரஸ். ஆனால் அவர் பன்றிக்குட்டியும் ஆட்டுக்குட்டியும் சாப்பிட்டவர்தான் என்று அரிஸ்டாக்சினஸ் என்ற கிரேக்கத் தத்துவஞானி எழுதிவைத்தார். எப்படியோ, 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் மரக்கறி உணவுக்குப் பித்தாகரஸ் பெயர்தான். நாம் ஒரு சமயத்தின் பெயரை வைத்தோம், அவர்கள் ஒரு ஆளின் பெயரை.

கேள்வி: ஒருவர் கறி வேண்டாம் என்றால் ஊருக்கு என்ன நஷ்டம்?

கிரேக்க ஊர்களில் பலி ஒரு பொதுக் காரியம். தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றி தெய்வத்துக்கு எரிப்பார்கள், கறியை ஊரார் பங்கு போட்டுக்கொள்வார்கள். பங்கே வேண்டாம் என்றால் ஊரோடும் சேரவில்லை, சாமியோடும் சேரவில்லை என்றுதானே ஆகும்?

கேள்வி: ரோமத் தத்துவஞானி செனெகா சைவமாக இருந்து பாதியில் விட்டுவிட்டாராமே?

ஒரு வருடம் இருந்தார். இளவயதில், சோட்டியன் என்ற ஆசிரியரின் பேச்சைக் கேட்டு. மனசு சுறுசுறுப்பானதாகக்கூட உணர்ந்தாராம். அப்போது பேரரசர் திபேரியஸ் காலம். வெளிநாட்டு வழிபாடுகளை விரட்டிக்கொண்டிருந்தார்கள். சில விலங்குகளின் கறியைத் தொடாததே அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு அடையாளமாகிவிட்டது. அப்பா கேட்டுக்கொண்டார், மகன் விரதத்தை விட்டுவிட்டார். நல்ல சாப்பாட்டுக்குத் திரும்ப அப்பா ரொம்ப வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை என்று 108ஆம் கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கேள்வி: கறிக்கு ஆதரவாக யாரும் வாதாடவில்லையா?

ஸ்டோயிக்குகள் என்ற தத்துவப் பிரிவினர் வாதாடினார்கள். விலங்குக்குப் பகுத்தறிவு இல்லை, அதனால் நீதியும் கிடையாது என்பது அவர்கள் கட்சி. பன்றியின் உயிர் அதற்கு உப்பு மாதிரி, கெடாமல் வைத்திருக்கத்தான் என்பது அவர்களில் ஒருவரான கிரிசிப்பஸ் சொன்னது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் கேள்வியையே திருப்பிப் போட்டார்: பித்தாகரஸ் ஏன் விட்டார் என்று கேட்கிறீர்களே, முதன்முதலில் செத்த விலங்கை வாயில் வைத்தவன் என்ன நினைத்து வைத்தான்?

கேள்வி: இந்தியாவைப் பற்றி இந்தக் கிரேக்கர்களுக்குத் தெரியுமா?

தெரியும். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் போர்பிரி என்ற தத்துவஞானி எழுதிய ‘புலால் மறுத்தல்’ நூலின் 4ஆம் பகுதியில் பிராமணர்களும் ‘சமனாயர்’ என்று அவர் குறிப்பிடும் துறவிகளும் வருகிறார்கள். நூலை எழுதியதே, விரதத்தை விட்டுவிட்டு மறுபடி கறிக்குத் திரும்பிய பிர்முஸ் என்ற நண்பருக்காகத்தான். அவரைத் திருத்த 4 பகுதி!