குறுக்குவழி தெரிந்துவிட்டது, இனி எப்படி ரசித்து ஆடுவது?

கேள்வி: பழைய ஆர்பிஜி கேம்களை (கதையோடு ஆட்களை வளர்த்து ஆடும் வகை) இப்போதுதான் ஒவ்வொன்றாக ஆடி வருகிறேன். ஃபைனல் ஃபேன்டசி 6-இன் பழைய பதிப்பில் ஒரு பாஸிடம் (பெரிய எதிரி) மூன்று முறை தோற்று, கைடைத் திறந்தேன். முதலில் மறைய வைக்கும் வானிஷ் மந்திரம், அடுத்து உடனே கொல்லும் டூம் மந்திரம் போட்டால் போதும் என்று இருந்தது. போட்டேன், செத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த பாஸ்களையும் அப்படியே முடித்தேன். இப்போது உலகம் அழிந்த பிறகான இரண்டாம் பாதியில் இருக்கிறேன். என் ஆட்கள் எல்லோரும் அல்டிமா என்ற மிகப் பலமான தாக்குதல் மந்திரத்தைக் கற்றுவிட்டார்கள். ஆனால் கேமில் மனம் ஒட்டவில்லை. கைடே பார்க்கக் கூடாதா? வேகத்தைக் கூட்டி ஆடுவதும், லெவல் ஏற்றுவதும்கூடத் தப்பா?

பதில்: முதலில் அந்த வானிஷ்-டூம் விஷயம். அது 1994-இல் வந்த பதிப்பில் இருந்த ஒரு பிழை. வானிஷ் போட்ட எதிரி கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆயுத அடி அதன்மேல் படாது, மந்திரமோ தப்பாமல் படும். 'தப்பாமல் படும்' என்ற விதியைக் கேம் முதலில் பார்த்துவிடுவதால், 'இந்த பாஸுக்கு உடனடி மரணம் கிடையாது' என்ற விதி வரை போவதே இல்லை. 2006-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த பதிப்பில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, இரண்டு மந்திரங்களையும் கற்றுத்தரும் எஸ்பர்கள் (ஆட்களுக்கு மாட்டிவிட்டால் மந்திரம் கற்றுத்தருபவை) மேஜிடெக் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரே நேரத்தில் கையில் வந்து சேர்கின்றன. அதனால் பாதி ஆட்டத்துக்கு முன்பே பலர் இதில் சிக்கிவிடுகிறார்கள்.

எது ஆட்டத்தைக் கெடுக்கும், எது கெடுக்காது என்பதற்கு நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன். இது என் நேரத்தை மிச்சப்படுத்துகிறதா, இல்லை நான் எடுக்க வேண்டிய முடிவையே எடுத்துக்கொண்டு போகிறதா? வேகத்தைக் கூட்டி ஆடுவது நேரத்தை மட்டும்தான் தொடுகிறது. நடந்த வழியிலேயே நாலு தடவை நடப்பதில் சுவை எதுவும் இல்லை, தாராளமாகப் பயன்படுத்துங்கள். சண்டைக்கு நடுவில் சேவ் செய்து, அடி தவறினால் திரும்ப லோடு செய்வது அப்படியல்ல. 'இப்போது குணப்படுத்தவா, அடிக்கவா' என்ற தவிப்புதான் அந்தச் சண்டையின் உயிர். தவறினாலும் நஷ்டமில்லை என்று ஆனதும் அந்தத் தவிப்பு போய்விடுகிறது.

ஆனால் உங்கள் விஷயத்தில் வானிஷ்-டூமைவிடப் பெரிய சேதம் அல்டிமா செய்தது என்று நினைக்கிறேன். அது பிழையே இல்லை, கேம் அனுமதிக்கும் வழிதான். இந்த கேமில் 14 பேர் உண்டு, ஒவ்வொருவருக்கும் தனி வித்தை. எட்கருக்கு டூல்ஸ், சேபினுக்கு பிளிட்ஸ், செட்ஸருக்கு ஸ்லாட், எதிரிகளின் குணத்தையே எடுத்துக்கொண்டு சண்டை போடும் காவ்வுக்கு ரேஜ். எஸ்பர்களை மாற்றி மாற்றி மாட்டி எல்லோருக்கும் எல்லா மந்திரமும் கற்றுக்கொடுத்தால், கடைசியில் ஒரே ஆள் 14 சட்டை போட்டுக்கொண்டு நிற்பது போலாகிவிடும். யாரைக் கூட்டிப் போவது என்ற கேள்விக்கே பொருளில்லை. ஆளுக்கு இரண்டு எஸ்பருக்கு மேல் கிடையாது என்று வைத்து ஆடிப் பாருங்கள். யார் மருத்துவர், யார் நெருப்பு, யார் வெறும் கைச்சண்டைக்காரர் என்று நீங்களே தீர்மானிக்க வேண்டிவரும். நான் இந்த கேமை உண்மையில் ரசித்தது அப்படி ஆடியபோதுதான்.

கேமை உருவாக்கியவர்களே தெரிந்தே வைத்த அளவு மீறிய பலமும் உண்டு. ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸில் நான்காம் அத்தியாயத்தில் சேரும் ஓர்லாண்டு, எக்ஸ்காலிபர் வாளோடு வருகிறார். அந்த வாளை வைத்திருப்பவருக்கு ஹேஸ்ட், அதாவது கூடுதல் வேகம், எப்போதும் இருக்கும். அதோடு வாள்வித்தைகள் எல்லாமும் அவருக்குத் தெரியும். அதுவரை பார்த்துப் பார்த்து வளர்த்த ஆட்கள் அவர் பக்கத்தில் வேடிக்கை பார்க்கிறார்கள். முதல் முறை ஆடும்போது அவரை வெளியே உட்கார வையுங்கள். அல்லது வாளை வாங்கிவிட்டு வேறு வேலைக்கு (கேமில் 'ஜாப்', ஒருவரின் திறமைகளைத் தீர்மானிப்பது) மாற்றுங்கள். ஃபைனல் ஃபேன்டசி 7-இல் மிகப் பலமான அழைப்பு மந்திரமான நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட் பற்றி என் எண்ணம் வேறு. தங்கச் சொகோபோ என்ற சவாரிப் பறவையை வளர்த்தெடுத்து, அதன்மேல் ஏறிப் போய் எடுத்துவரும் பொருள் அது. உழைத்து வாங்கியது. எமரால்டு, ரூபி என்ற இரண்டு வெப்பன்களுக்கு (கதைக்கு வெளியே இருக்கும் ராட்சத எதிரிகள்) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் பாஸ்கள்மேல் வேண்டாம்.

லெவல் ஏற்றுவதும் அளவு மீறினால் குறுக்குவழிதான், கொஞ்சம் மெதுவான குறுக்குவழி. ஒரு பாஸிடம் தோற்றால், லெவல் ஏற்றப் போவதற்கு முன் ஆட்களையும் அணிகலன்களையும் மாற்றி இரண்டு முறை முயன்று பாருங்கள். அப்புறமும் முடியாவிட்டால் இரண்டு மூன்று லெவல் ஏற்றுங்கள், அதோடு நிறுத்துங்கள். ஃபைனல் ஃபேன்டசி 8-இல் கணக்கே தலைகீழ். நம் லெவல் ஏற ஏற எதிரியின் லெவலும் ஏறும். அங்கே பலம், எதிரியிடமிருந்து ட்ரா செய்து (உறிஞ்சி எடுத்து), ஜங்ஷன் முறையில் நம் ஆட்களின் பலத்தோடு பொருத்தும் மந்திரங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் 100 வரை சேர்க்க ஒரே எதிரி முன்னால் நின்றுகொண்டே இருப்பவர்கள் பாதியில் சலித்து விட்டுவிடுகிறார்கள். ஒரு சண்டையில் ஒரு மந்திரத்தை ஆளுக்கு இரண்டு முறைதான் ட்ரா செய்வேன் என்று வைத்துக்கொண்டால் ஆட்டம் நகரும். முதல் ஆறு ஃபைனல் ஃபேன்டசிகளின் புதுப்பித்த பதிப்பான பிக்சல் ரீமாஸ்டர், 2023-இல் கன்சோலுக்கு வந்தபோது அனுபவப் புள்ளியை 0 முதல் 4 மடங்கு வரை மாற்றும் வசதி சேர்ந்தது. எல்லோரும் அதைக் கூட்டத்தான் பார்க்கிறார்கள். அதிகமாக வளர்ந்துவிட்டோம் என்று தோன்றும்போது 0.5 மடங்காகக் குறைக்கவும் அது உதவும்.

கட்டுப்பாடு வைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதைச் சண்டைக்கு வெளியே வையுங்கள், உள்ளே வைக்காதீர்கள். கையில் அல்டிமா இருந்தும் 'இப்போது போட வேண்டாம்' என்று ஒவ்வொரு முறையும் பல்லைக் கடிப்பது எரிச்சல்தான் தரும். எடுத்துப் போகும் ஆட்களையும் பொருட்களையும் முன்கூட்டியே குறைத்துவிட்டு, உள்ளே போனதும் முழு மூச்சாக ஆடுங்கள். போக்கிமான் ஆடுபவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் நஸ்லாக் விதிகள் இப்படிப்பட்டவைதான்: ஒரு பகுதியில் முதலில் எதிர்ப்படும் போக்கிமானை மட்டும் பிடிக்கலாம், மயங்கி விழுந்ததை இனி பயன்படுத்தக் கூடாது. ஃபைனல் ஃபேன்டசி 5-ஐ நான்கே வேலைகளை வைத்து ஆடும் பழக்கமும் அதே வகை.

கைடு பார்க்கலாம். தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத பொருட்களுக்கும், வழி தெரியாமல் அரை மணி நேரம் சுற்றும்போதும் பாருங்கள். பாஸ் பெயரைத் தேடாதீர்கள். பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது சுலபமான வழியாகத்தான் இருக்கும்.

சரி, உங்கள் சேவ். கற்ற மந்திரத்தை மறக்க வைக்க வழியில்லை. ஆனால் கடைசிக் கட்டமான, வில்லன் கெஃப்காவின் கோபுரத்தில் உங்கள் ஆட்களை மூன்று அணிகளாகப் பிரிக்க வேண்டியிருக்கும். இதுவரை அதிகம் தொடாதவர்களை ஆளுக்கொரு அணியில் போட்டு, அவரவர் சொந்த வித்தையை மையமாக வைத்து ஏறுங்கள். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் எடுத்த சேவ் ஏதாவது மிச்சமிருந்தால் அதைவிட நல்லது. விமானம் கிடைத்ததும் செலஸ், எட்கர், செட்ஸர் மூவரை மட்டும் வைத்தே கோபுரத்துக்குப் போக கேம் விடுகிறது. மற்றவர்களில் யாரைத் தேடிக் கண்டுபிடிப்பது, எத்தனை பேர் போதும் என்பதை அங்கிருந்து நீங்களே முடிவு செய்யுங்கள்.