வெறும் பெட்டியாகத் திருப்பாதீர்கள்

அன்புள்ள அக்கா,

பொங்கல் முடிந்து வந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் உடன்குடிப் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். அப்பா போன பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை, ஆறு வருடம் ஓடிவிட்டது. பனங்கிழங்கு அவித்து, முந்திரிக்கொத்து சுட்டு, நேரத்துக்கு ஒரு கருப்பட்டிக் காப்பி என்று அத்தை எங்களை வயிறு காய விடவில்லை. மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைவார், என் பத்து வயது மகள் பக்கத்தை விட்டு நகரவில்லை. கிளம்பும்போது மூடி போட்ட பெட்டி நிறைய முந்திரிக்கொத்து கொடுத்தார். சும்மா வாங்கிக்கொண்டு வர மனம் வராமல், தலையணைக்கு அடியில் ஆயிரம் ரூபாய் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனில், "ஏன் தாயி, கடைக்கா வந்துட்டுப் போன?" என்று கேட்டார். குரல் கம்மியிருந்தது. அவர் பெட்டி முடைந்து விற்கிறவர்தான், காசு தேவைப்படுகிறவர்தான். நான் செய்தது தப்பா அக்கா? இதற்கு நான் என்ன திருப்பிச் செய்வது? எனக்கு வயர் கூடை போடுவதைத் தவிர வேறு கைவேலை தெரியாது. மகள் அங்கே ஆரம்பித்த சின்னப் பெட்டி வேறு பாதியில் நிற்கிறது, ஓலை காய்ந்து விறைத்துவிட்டது.

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள தங்கைக்கு,

அத்தை கேட்ட அந்த ஒரு கேள்வி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. தப்பு என்று சொல்ல மாட்டேன், நல்ல மனதோடுதான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அவசரப்பட்டுவிட்டீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால் அதைக் கழுவி வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நமக்கு இல்லையே, வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அம்மா கொடுத்தனுப்புவார். அது அங்கே போய், நாலு நாள் கழித்து வேறொன்றோடு இங்கே வந்து, இப்படியே வருடக்கணக்கில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடக்கும். அதில் நோட்டை வைத்தால் அன்றோடு கணக்குத் தீர்ந்தது. ஆறு வருடம் கழித்து வந்த அண்ணன் மகள் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகிறாளோ என்று அத்தைக்குப் பதறியிருக்கும். எனக்கு அப்படித்தான் படுகிறது.

அந்தப் பெட்டியை எடுத்து ஒருதரம் கவிழ்த்துப் பாருங்கள். அடி சதுரமாக இருக்கும், வாய் வட்டமாக இருக்கும். சதுரம் எந்த இடத்தில் வட்டமாகத் திரும்பியது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்கப் பாருங்கள், சுலபத்தில் பிடிபடாது. அதற்கு முன்னால் எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா? உயரம் ஏறத் தேவையில்லாத வடலியில், அதாவது இளம் பனையில், குருத்தோலை வெட்ட வேண்டும், அதுவும் பார்த்து வெட்ட வேண்டும், பனைக்குக் கிளை கிடையாது, உச்சியில் ஓலை முளைக்கிற அந்த ஒரு மொட்டு போனால் மரமே போய்விடும். அப்புறம் வெயிலில் காயப்போட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்துக்கு வார்ந்து, பச்சையும் ரோஸும் வேண்டுமென்றால் சாயத் தண்ணீரில் கொதிக்கவைத்து, மறுபடி காயவைத்து, முடைய உட்காரும்போது திரும்பவும் ஈரப்படுத்தி... என் பெரியம்மா விடியற்காலையில்தான் முடைய உட்காருவார், வெயில் ஏறினால் ஓலை ஒடியும் என்பார்.

சாப்பாடு ஒரு பக்கம், கைவேலை ஒரு பக்கம் என்று நீங்கள் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அத்தை வீட்டில் எல்லாம் ஒரே மரம்தான் தங்கை. முந்திரிக்கொத்தில் பாசிப்பயற்று மாவை உருண்டையாகப் பிடித்து நிறுத்துவது கருப்பட்டிப் பாகு. அந்தக் கருப்பட்டி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்தது. கிழங்கு, பனங்கொட்டையை மண்ணில் புதைத்துச் சில மாதம் கழித்துத் தோண்டியது. எல்லாவற்றையும் போட்டுத் தந்த பெட்டியும் பனைதான். சூடு முழுக்க ஆறாத பலகாரத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் வியர்த்து நமுத்துப் போகும், ஓலை மூச்சு விடுவதால் உள்ளே இருப்பது மொறுமொறுப்பாகவே இருக்கும்.

அதனால் பெட்டியைத் தயவுசெய்து கண்ணாடி அலமாரியில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். பெரியம்மா கொடுத்த பெட்டியைச் சென்னை வீட்டில் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தேன். ஒருமுறை வந்தவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே போட்டு வைக்கலயா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு அவர் முகம் போன போக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்று முதல் அதில் முறுக்கு, கடலை, வெல்லம் என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்.

சரி, காசு விஷயம். அத்தைக்குப் பணம் தேவை என்று நீங்கள் எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உறவு, பாசம் என்று சொல்லியே பெண்களிடம் கைவேலையை இலவசமாக வாங்கிக்கொள்கிற வழக்கமும் நம் குடும்பங்களில் உண்டு, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட இனி ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள், நல்ல விஷயம், ஆனால் மரம் நின்றால் மட்டும் பெட்டி வந்துவிடுமா? வார்ந்து முடைகிறவருக்குக் கூலி கட்டுப்படியாக வேண்டும். ஆகவே உங்கள் பணத்தை இப்படிச் செலவழியுங்கள். கோவையில் உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ ஒரு கல்யாணமோ வளைகாப்போ வரும். தாம்பூலத்துக்குப் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகச் சின்ன ஓலைக்கொட்டான் ஐம்பது வேண்டும் என்று அத்தையிடம் சொல்லுங்கள். இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லுங்கள், பாதிப் பணம் முதலிலேயே போகட்டும். அவர் சொல்கிற விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லாதீர்கள். "நமக்குள்ள என்ன" என்று அவரே குறைத்துச் சொன்னால், கடைக்கு என்ன விலை என்று கேட்டு அதைக் கொடுங்கள். அங்கே ரூபாய் வாங்க அத்தைக்குத் தயக்கம் இருக்காது.

உங்கள் பங்குக்கு, வயர் கூடை தவிர வேறு தெரியாது என்கிறீர்களே, அது போதாதா? நெல்லிக்காய் முடிச்சோ சிவன் கண்ணோ, எது உங்கள் கைக்கு நன்றாக வருமோ அதில் ஒரு பெரிய கூடை போடுங்கள். ஓலை முடைகிறவருக்கு வயர் கூடையா என்று யோசிக்க வேண்டாம். மழைக்காலத்தில் சந்தைக்கு ஓலைப்பெட்டி தாங்காது, வயர் கூடைதான் தாங்கும். கையில் கொடுத்ததும் அவர் கைப்பிடியைப் பார்க்க மாட்டார், முதலில் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார். அடியை நேராகப் போடுங்கள்.

மகளின் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு துணியை நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி இரவு முழுக்க வையுங்கள், காலையில் ஓலை வளையும். தண்ணீரில் முக்கி அப்படியே மறந்துவிடாதீர்கள், கறுத்துப் பூசணம் பிடிக்கும். அவளுக்குத் தெரிந்த மட்டும் முடையட்டும், விளிம்பை மட்டும் விட்டுவையுங்கள், அதை நாரால் இறுக்கிக் கட்டுவதை அத்தைதான் காட்டித் தர வேண்டும்.

அடுத்த பொங்கல் வரைக்கும் காத்திருக்காதீர்கள். பங்குனியில் ஒரு சனிக்கிழமை பார்த்துக் கிளம்புங்கள், அப்போது பதநீர் இறங்கிக்கொண்டிருக்கும். முந்திரிக்கொத்து வந்த பெட்டியில் நீங்கள் சுட்ட ஏதாவது இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா