யூனிட் போட்டா கணக்கு ஏன் இப்படித் தவழுது?

கேள்வி: சார், எம்.டெக். ப்ராஜெக்ட்டுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் கணக்கை மேத்தமேட்டிகாங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல போடுறேன். கைடு சொன்னாங்களேன்னு எல்லா நம்பருக்கும் குவான்டிட்டிங்கிற கமாண்ட் போட்டு யூனிட்டோட எழுதினேன், இப்ப வெறும் நம்பர்ல டக்குனு முடிஞ்ச லூப், டீ குடிச்சிட்டு வந்தாலும் ஓடிட்டே இருக்கு. ராம் கூட்டணுமா, புது லேப்டாப்பே வாங்கணுமா?

பதில்: ரெண்டுமே வேணாம்மா, காசை பத்திரமா வைங்க. சாதா நம்பர் ரெண்டைக் கூட்டுறது ப்ராசசருக்கு ஒரு வேலையே இல்ல. அதே நம்பர் குவான்டிட்டிக்குள்ள போயிட்டா அது சிம்பாலிக் எக்ஸ்ப்ரஷன், அதாவது நம்பரும் யூனிட் பேரும் சேர்ந்த ஒரு கோவை, ஒவ்வொரு கூட்டலுக்கும் ரெண்டும் ஒரே வகை அளவுதானா, மீட்டரும் சென்டிமீட்டருமா இருந்தா எதை எதுவா மாத்தணும்னு பார்த்து புதுசா ஒண்ணு கட்டித் தரணும், லூப் லட்சம் தடவை சுத்துனா இந்த செக்கிங்கும் லட்சம் தடவை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் அதே ஆளுகிட்ட டிக்கெட் செக் பண்ற கதைதான். யூனிட் பேரை இஷ்டத்துக்கு எழுதுனா, அது என்னன்னு அந்தக் கம்பெனியோட உல்ஃப்ராம் ஆல்ஃபா சர்வர்கிட்ட வேற நெட்டுல கேட்க வேண்டி வரலாம், அதனால மேத்தமேட்டிகா வச்சிருக்கிற முழுப் பேரையே குடுங்க.

வழி என்னன்னா, லூப்புக்கு வெளியில யூனிட், உள்ள வெறும் நம்பர். குவான்டிட்டி மேக்னிட்யூட் போட்டு யூனிட்டைக் கழட்டிட்டு, விடை வந்ததும் திரும்ப மாட்டிடுங்க. கழட்டுற இடத்துலதான் வில்லங்கமே! எந்த யூனிட்ல வேணும்னு சொல்லாம கழட்டுனா 200 கிலோபாஸ்கல் சும்மா 200னு வந்து நிக்கும், பாஸ்கல்ஸ்னு சேர்த்துக் கேட்டாதான் 200000. டெம்பரேச்சர் இதவிட மோசம். 20 டிகிரி செல்சியஸை கெல்வின்ல கேட்டா 293.15, அது சரி, ஆனா உங்ககிட்ட இருக்கிறது ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல உள்ள 20 டிகிரி வித்தியாசம்னா அது வெறும் 20 கெல்வின்தான், அதுக்கு டிகிரீஸ் செல்சியஸ் டிஃபரன்ஸ்னு தனி யூனிட்டே வச்சிருக்காங்க.

பெரிய டேட்டா லிஸ்ட்னா ஒவ்வொண்ணுக்கும் யூனிட் ஒட்டாதீங்க, மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு குவான்டிட்டி அர்ரே போதும். பைத்தான்ல பின்ட்ங்கிற யூனிட் லைப்ரரி யூஸ் பண்றவங்களுக்கும் இதேதான், நம்பை அர்ரே (நம்பர் வரிசை) முழுசுக்கும் ஒரே யூனிட். ஜூலியா லாங்வேஜ்ல யூனிட்ஃபுல்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, யூனிட் செக்கிங்க பெரும்பாலும் கம்பைல் ஆகும்போதே முடிச்சிடும், அதனால ஓடும்போது இந்த இழுவை பெருசா தெரியாது.

யூனிட் எங்கன்னு கைடு கேட்டா, ஒரே ஒரு பாயின்ட்டுக்கு யூனிட்டோட ஒரு தடவை, இல்லாம ஒரு தடவை ஓட்டி ரெண்டும் ஒத்துப்போறதைக் காட்டிடுங்க.