மார்கிட்டின் தடி எப்போது விழும்? எல்டன் ரிங் வீடியோ கேம் கேள்வி பதில்

கே: ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் வழிமறிக்கும் மார்கிட் என்ற பெரிய எதிரியிடம் முப்பது தடவைக்கு மேல் செத்துவிட்டேன். தடியை ஓங்கியதும் உருள்கிறேன். எழுந்து நிற்கும்போதுதான் அடி விழுகிறது. இது என்ன நியாயம்? – வாசகர், திருச்சி

ப: ஓங்கியதும் உருள்வதுதான் சிக்கல். மார்கிட் தடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்பான். பதறி உருளுகிறவர்களுக்கென்றே வைத்த பொறி அது. தடியைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். தோள் இறங்கத் தொடங்கும்போது, பின்னால் அல்ல, அவன் பக்கவாட்டை ஒட்டி முன்னால் உருளுங்கள். பின்னால் உருண்டால் தடி எட்டும் தூரத்திலேயே எழுந்து நிற்பீர்கள். உயிரை நிரப்பும் குடுவையைக் குடிக்கத் தள்ளிப் போனாலும் விடமாட்டான், ஒளிக்கத்தி பறந்து வரும். அவன் ஓர் அடித்தொடரை முடித்து நிமிரும் நேரம்தான் குடிக்க ஏற்றது. ஓங்கி நிற்பதைக்கூட மன்னிக்கலாம். நாம் குடிக்கும் பொத்தானை அழுத்தியதுமே கத்தி வருவது கொஞ்சம் அழுகுணி ஆட்டம்தான்.

இன்னொரு உதவியும் உண்டு. மர்க்வாட்டர் குகையில் பேட்ச்சஸ் என்பவனை அடித்து மண்டியிட வைத்து, உயிரோடு விட்டால் கடை திறப்பான். 5,000 ரூனுக்கு (விளையாட்டின் பணம்) மார்கிட்டின் விலங்கை, அதாவது அவனைக் கட்டும் தளையை, விற்பான். சண்டையின் முதல் பாதியில் அதைப் பயன்படுத்தினால் மார்கிட் சில நொடி தரையோடு கட்டுண்டு கிடப்பான்.

கே: கனமான கவசம் வாங்கிப் போட்ட பிறகுதான் அதிகமாகச் சாகிறேன். ஏன்? – வாசகர், கோவை

ப: சுமையைப் பாருங்கள். தாங்கும் எடையில் 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் உருளல் மூட்டை விழுவதுபோல் ஆகிவிடும், எழுவதற்குள் அடுத்த அடி. மார்புக்கவசத்தை வைத்துக்கொண்டு தலைக்கவசத்தைக் கழற்றுங்கள். கையில் எடுக்காத இரண்டாவது ஆயுதமும் எடையில் சேரும்.

கே: வழிகாட்டும் பொன்னிற ஒளிக்கீற்று கோட்டையைத்தான் காட்டுகிறது. அதை விட்டுவிட்டுக் குதிரையில் சுற்றுவது நேர விரயமா? – வாசகி, மதுரை

ப: மார்கிட்டிடம் மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கீற்றை அப்படியே நம்பி நேராகப் போனவர்கள்தான். தொடக்கப் பகுதியான லிம்கிரேவுக்குத் தெற்கே பாலத்தைத் தாண்டினால் வீப்பிங் பெனின்சுலா. அங்கே மூன்று தேவாலயங்களில், குடுவையின் வலிமையைக் கூட்டும் மூன்று சேக்ரட் டியர். லிம்கிரேவிலேயே மூன்றாவது மரிகா தேவாலயத்தில் இன்னொன்று. நான்கையும் சேர்த்தால் ஒரு மடக்கில் திரும்பும் உயிர் கண்கூடாகக் கூடும். குடுவையின் எண்ணிக்கை கூட வேண்டுமானால் பொன்னிறமாக ஒளிரும் சின்ன மரங்களடியில் கோல்டன் சீட் (பொன் விதை) தேடுங்கள்.

ஆயுதத்தை மேம்படுத்தும் கற்களுக்கு அகீல் ஏரியின் வடகரையில் உள்ள லிம்கிரேவ் சுரங்கம். சாதாரண ஆயுதத்தை +3 நிலை வரை ஏற்ற முதல் ரகக் கல்லான ஸ்மிதிங் ஸ்டோன் 2, 4, 6 என்று மொத்தம் 12 வேண்டும். எல்லே தேவாலயத்தில் உள்ள பட்டறை மேசையே அதுவரைக்கும் போதும். டோரென்ட் குதிரை கிடைத்த பிறகு அதே தேவாலயத்துக்கு இரவில் போனால் ரென்னா என்ற சூனியக்காரி ஆவிகளை அழைக்கும் மணியையும் மூன்று ஓநாய்களையும் தருவாள். மார்கிட் ஓநாய்களைத் துரத்தும்போது நீங்கள் முதுகில் அடிக்கலாம். லெவல் ஏற்றும்போது முதலில் விகர் (உயிர் அளவைக் கூட்டுவது) 20.

வரைபடம் வெறுமையாகத் தெரிகிறது என்று குழம்ப வேண்டாம். வெற்று வரைபடத்திலும் சாலையோரம் மங்கலாக ஒரு சின்னத் தூண் குறி இருக்கும். வரைபடத் துண்டு அங்கேதான்.

கே: ஏரிக்கரை இடிபாட்டில் ஒரு பெட்டியைத் திறந்தேன். புகை கிளம்பி ஏதோ சுரங்கத்தில் கொண்டுபோய் விட்டது. வரைபடம் வழியே வேறு இடத்துக்குத் தாவும் வசதியும் வேலை செய்யவில்லை. – வாசகர், சேலம்

ப: கேலிட் என்ற வேறு பகுதியில் உள்ள செல்லியா படிகச் சுரங்கத்தில் இருக்கிறீர்கள். சண்டை போடாதீர்கள், குனிந்து நடந்து வாசல் வழியாக வெளியேறுங்கள். திறந்த வெளிக்கு வந்ததும் வரைபடம் வழியே லிம்கிரேவ் திரும்பலாம்.

கே: விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இருந்தும் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் போகவில்லையே? – வாசகர், சென்னை

ப: கணினியில் விளையாட்டே 60-ல் பூட்டப்பட்டுள்ளது. கார்டைத் திட்டாதீர்கள்.

கே: நாற்பது மணி நேரம் ஆடியும் கதை புரியவில்லை. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதியது என்றார்களே? – வாசகி, புதுச்சேரி

ப: அவர் எழுதியது இந்த உலகத்தின் பழைய வரலாறு. நாம் நடப்பது அது உடைந்து சிதறிய பிறகு. ஆகவே கதை வசனத்தில் குறைவு, பொருள்களின் விவரக்குறிப்பில் அதிகம். மார்கிட்டின் விலங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சபிக்கப்பட்ட ஓமென் இனத்தைக் கட்டிவைக்கச் செய்தது என்று அதில் இருக்கும். பிறகு தலைநகர் லெயின்டெல்லின் சாக்கடைக்குள் இன்னொரு விலங்கு கிடைக்கும், மோக் என்ற பெயரோடு. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். அரண்மனைக்குக் கீழே யாரை, எதற்கு ஒளித்தார்கள் என்ற கேள்வி தானாகவே எழும்.

வழியில் சந்திக்கும் மனிதர்களின் கதை அறுந்துபோவதற்குக் காரணம் வேறு. ஒருவர் பேசியதையே திரும்பப் பேசும்வரை பேச வேண்டும். நடுவில் நகர்ந்தால் முக்கியமான வரி போய்விடும். யார் எங்கே என்று வரைபடத்தில் குறிக்கும் வசதி 2022 மார்ச்சில் வந்த 1.03 அப்டேட்டில்தான் சேர்ந்தது. முதலிலேயே இருந்திருக்க வேண்டியது. ஸ்டார்ம்ஹில்லில் மண்ணில் புதைந்து கூவும் ஜாடி வீரன் அலெக்சாண்டரைப் பார்த்தால், பேசி முடித்துவிட்டுப் பின்புறமாகப் போய்க் கனமான ஆயுதத்தால் அழுத்தி அழுத்தி அடியுங்கள். அவனே கேட்டுக்கொண்டதுதான், கோபித்துக்கொள்ள மாட்டான்.