அம்மம்மாவையும் கூப்பிடுங்கள்

அன்புள்ள அக்கா,

மட்டக்களப்பு படுவான்கரையில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். விளையாட்டு மூலம் கற்பிக்கும் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு, எழுத்துக் கொப்பியைக் குறைத்து மணல், களிமண், கதை, பாட்டு என்று மாற்றினேன். "விளையாடத்தான் அனுப்புறதெண்டா வீட்டிலேயே விளையாடலாமே ரீச்சர்" என்கிறார்கள் தாய்மார். இரண்டு பிள்ளைகளை வீட்டுப்பாடம் கொடுக்கும் இடத்துக்கு மாற்றியும் விட்டார்கள். பெற்றோர் தரும் மாதக் காசில் ஓடுகிற பள்ளி இது. பயிற்சியில் சொன்னதைச் செய்வதா, பெற்றோர் கேட்பதைச் செய்வதா?

ஒரு முன்பள்ளி ஆசிரியை

அன்புள்ள தங்கச்சி,

பயிற்சியில் சொன்னதையே செய்யுங்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் முற்றி எலும்பாகியிருக்காது. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து 'அ' எழுத வைத்தால் பிள்ளை தோள்வரை இறுக்கிக்கொண்டு எழுதும், பிறகு கொப்பியைக் கண்டாலே அழும். களிமண் பிசைகிற, சிரட்டையில் மணல் அள்ளி ஊற்றுகிற விரல்கள்தான் பிறகு பென்சிலைச் சரியாகப் பிடிக்கும். இதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். தாய்மாருக்கு யார் சொன்னது?

அந்தத் தாய்மார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் மூன்று வயதுவரை இறங்கி வந்துவிட்டது. 5 முதல் 16 வயதுவரைதான் நாட்டில் கட்டாயக் கல்வி. முன்பள்ளி அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபைக்குரியது. நடைமுறையில் உங்களைப் போன்றவர்களின் வருமானம் பெற்றோர் கொடுக்கும் காசில்தான் தங்கியிருக்கிறது. அப்படியிருக்க, ஆசிரியைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு வீட்டை அப்படியே விட்டால் அது எத்தனை மாதம் நிற்கும்? திட்டம் போடுகிறவர்கள் இதை யோசிக்காததுதான் எனக்கு ஆற்றாமை.

வீடு என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மருமகன் வந்து சேருவார், அம்மம்மா அதே வளவில் இருப்பார். தாய் வெளிநாட்டிலோ கார்மென்ட்ஸிலோ என்றால் பிள்ளைக்குச் சோறு தீத்துவதும் பள்ளிக்குக் கூட்டிவருவதும் அவர்தான். நாமோ 'பெற்றோர் கூட்டம்' என்று கடிதம் அனுப்புகிறோம். அம்மம்மா படலையோடு பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்.

கூட்டம் போட வேண்டாம். வீட்டாரை ஒரு காலை முழுக்க வந்து பிள்ளைகளோடு பாயில் இருக்கச் சொல்லுங்கள். ஆரையம்பதிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் இதைப் பார்த்திருக்கிறேன். 'கொப்பி எங்க ரீச்சர்?' என்று கேட்டுக்கொண்டே வந்தார் ஒரு அம்மம்மா. ரீச்சர் பதில் சொல்லாமல் ஒரு சுளகில் புளியங்கொட்டையைக் கொட்டி முன்னால் வைத்தார். பேத்தி ஐந்தைந்தாகக் கும்பல் வைத்தாள். அம்மம்மா அவளுக்குத் தெரியாமல் ஒன்றை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டார். பிள்ளை கும்பல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்து, "இதில ஒண்டு குறையுது" என்றாள். "ஆரு மகள் உனக்குக் கணக்குப் படிப்பிச்ச?" என்று அம்மம்மா கேட்ட குரலில் இருந்த சந்தோஷத்தை எந்த விரிவுரையும் கொண்டுவராது. ரீச்சர் அந்த இடத்தில்தான் வாயைத் திறந்தார். எண்ணுவதும் ஒப்பிடுவதும் இப்படித்தான் வருகிறது, வீட்டிலும் இதைச் செய்யலாம், கொட்டைக்குக் காசில்லை என்றார்.

பெரும்போக வேளாண்மை வெட்டு நேரத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள், யாரும் வரமாட்டார்கள். மாறிப்போன இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் சொல்லி அனுப்புங்கள். அப்பாமாரையும் விடாதீர்கள்.

பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். அடுத்த பயிற்சிக்குப் பெயர் கேட்கும்போது, குடும்பத்தாரோடு எப்படிப் பேசுவது என்பதற்கும் ஒரு நாள் ஒதுக்கித் தரும்படி எழுதிக் கேளுங்கள். பக்கத்து ஊர் ரீச்சர்மாரையும் சேர்த்துக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா