பெண்ணோடு மட்டுமே உறவு என்றால் பாப் ஸ்மியர் வேண்டாமா?

கேள்வி: எனக்கு வயது 34. இதுவரை பெண்களோடு மட்டுமே உறவில் இருந்திருக்கிறேன். ‘ஆணோடு உறவு இல்லையென்றால் பாப் ஸ்மியர் (கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும்) கருப்பை வாய்ப் புற்றுநோய் சோதனை தேவையில்லை’ என்று கூறி மருத்துவமனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது சரியா?

பதில்: சரியன்று. இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எப்போதும் எச்.பி.வி. என்னும் வைரஸால் வருகிறது. அந்த வைரஸ் தோலோடு தோல் உரசுவதாலேயே தொற்றுவதால், விரல் வழியாகவும் பகிர்ந்துகொள்ளும் சாதனங்கள் வழியாகவும் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் பரவக்கூடும். 30 வயது முதல் 5 அல்லது 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை, அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. சோதனை செய்துகொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறும் பரிந்துரை, துணை ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. ‘திருமணம் ஆனவரா’ என்ற ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு பெண்களைத் தரம் பிரிக்கும் படிவங்கள் இன்னும் புழக்கத்தில் இருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தத்தைத் தருகிறது.

கருப்பை வாயைப் பார்க்கப் பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெக்குலம் கருவியை நினைத்து அஞ்சினால், சிறிய அளவிலானதைக் கேளுங்கள். வசதியுள்ள இடங்களில் எச்.பி.வி. சோதனைக்கான மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம்.

கருப்பையை அகற்றிக்கொண்டவர்களுக்குச் சோதனை வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். கருப்பையோடு கருப்பை வாயும் எடுக்கப்பட்டு, அதற்கு முன் புற்றுநோய்க்கு முந்தைய தீவிர மாற்றம் எதுவும் இல்லாதிருந்தால் மட்டுமே அது பொருந்தும். சில அறுவை சிகிச்சைகளில் கருப்பை வாயை விட்டுவிடுவார்கள் என்பதால், உங்கள் துணை அப்படி அறுவை செய்துகொண்டவராக இருந்தால், அறுவை சிகிச்சைக் குறிப்பை வாங்கிப் படித்துப் பார்த்த பின்பே முடிவு செய்யுங்கள்.

நான் மிகவும் அஞ்சுவது, இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களைக் குறிவைத்து ‘பெண்கள் புற்றுநோய் பேக்கேஜ்’ விற்கும் ஆய்வகத் தரகர்களைத்தான். அதில் சேர்க்கப்படும் சி.ஏ.-125 ரத்தப் பரிசோதனை கருப்பை வாயைப் பற்றி எதுவும் சொல்லாது; அறிகுறி இல்லாத பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோயைக் கண்டறியவும் அது பரிந்துரைக்கப்படுவதில்லை. மாதவிடாய், நார்த்திசுக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) ஆகியவற்றாலேயே அதன் அளவு கூடும் என்பதால், கூடிய எண்ணைக் காட்டி அடுத்து ஸ்கேன், அதற்கடுத்து இன்னொரு சோதனை என்று இழுத்துக்கொண்டு போவார்கள். அதே தரகர்கள் விற்கும் பிறப்புறுப்புக் கழுவு திரவத்தையும் வாங்காதீர்கள்: உள்ளே கழுவினால் நன்மை செய்யும் பாக்டீரியா குறைந்து, பெண்களோடு உறவுள்ள பெண்களிடம் ஏற்கெனவே அதிகம் காணப்படும் பாக்டீரியல் வஜைனோசிஸ் (பிறப்புறுப்பில் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது) வருவதற்கு வழி ஏற்படும்.

மீண்டும் செல்லும்போது, ‘எனக்கு எச்.பி.வி. சோதனை வேண்டும்’ என்று நேரடியாகக் கேளுங்கள். மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரச் சொல்லி, வேறு மருத்துவரிடம் செல்லுங்கள்.