மோசடி முதலா, போதைப்பொருள் முதலா? போலீஸிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: என் அப்பா ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த பணத்தை இணைய முதலீட்டு மோசடியில் இழந்துவிட்டார். புகார் கொடுத்தால் விசாரிக்க ஆள் இல்லை என்கிறார்கள். ஆனால் கொஞ்சம் கஞ்சா வைத்திருக்கும் பையன்களைப் பிடிக்க மட்டும் ஆள் இருக்கிறது. காவல்துறை நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மோசடிக்கு முன்னுரிமை கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் போதைப்பொருளை விட்டுவிடுங்கள் என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள், அங்கேயே உங்கள் வாயை அடைத்துவிடுவார்கள். சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பவர்களைத் துரத்தும் நேரத்தை மோசடி விசாரணைக்குத் திருப்புங்கள் என்று கேளுங்கள். பெரிய அளவில் கடத்துகிறவர்கள் மீது உள்ள பிடி தளரக் கூடாது, அதில் உயிர்கள் போகின்றன.

போதை வழக்கு என்பது போலீஸ் தேடிப் போனால்தான் கிடைக்கும். சோதனையைக் கூட்டினால் கைது எண்ணிக்கையும் கூடும், மேலதிகாரியிடம் காட்டக் கணக்கு தயார். மோசடியிலோ பணத்தை இழந்தவர் தானாக வந்து சொல்ல வேண்டும். பலர் வெட்கத்தில் வாயே திறப்பதில்லை. திறந்தாலும் பேசியவன் ஒரு நாட்டில், பணம் போன கணக்கு இன்னொரு நாட்டில் என்று இருப்பதால் 'இது எங்கள் எல்லை இல்லை' என்று கோப்பை நகர்த்திவிடுவது சுலபம். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் நீதிக் குழு 2022-ல் இதைப் பட்டவர்த்தனமாகச் சொன்னது: இங்கிலாந்து, வேல்ஸில் நடக்கும் குற்றங்களில் சுமார் 40 சதவீதம் மோசடி, அதற்குப் போகும் காவல்துறை நிதி 2 சதவீதம்.

சரி, சிறிய போதை வழக்குகளைக் குறைத்தால் நாடு கெட்டுவிடாதா என்று கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். போர்ச்சுகலைச் சொல்லுங்கள். 2001 முதல் அங்கே பத்து நாள் உபயோகத்துக்கு மேற்படாத அளவு வைத்திருந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் ஆலோசனைக் குழுவுக்கு அனுப்புகிறார்கள், விற்பது இன்றும் குற்றம்தான்.

'மோசடிக்கு முன்னுரிமை' என்று பொதுவாகக் கேட்டால் 'ஆவன செய்கிறோம்' என்று பதில் வரும், அவ்வளவுதான். வாடகைக் கணக்குகளை, அதாவது மோசடிக்காரர்கள் பணத்தை வாங்கிக்கொள்ளப் பயன்படுத்தும் பிறருடைய வங்கிக் கணக்குகளைப் பற்றிக் கேளுங்கள். கமிஷனுக்காகத் தன் வங்கிக் கணக்கைக் கொடுக்கிறவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், உள்ளூர் போலீஸின் கைக்கு எட்டுகிறவர். கடத்தல் பணமும் இதே மாதிரிக் கணக்குகள் வழியாக ஓடுவதுண்டு என்பதால் அவரைப் பிடித்தால் இரண்டு பக்கமும் அடிபடும். புகார் வந்து எத்தனை மணி நேரத்தில் வங்கிக்குத் தகவல் போகிறது என்றும் கேளுங்கள், ஏனென்றால் அந்தப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவி கிரிப்டோவாக மாறிவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

அப்புறம், அப்பாவின் விஷயம். வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பரிவர்த்தனை எண்கள், உரையாடல்கள், அவர்கள் பேசிய எண்கள் எதையும் அழிக்க வேண்டாம். இனி யாராவது போன் செய்து 'கட்டணம் கட்டுங்கள், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்றால் அப்பாவைப் பேசவே விடாதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை விலைக்கு வாங்கி இரண்டாவது முறை கறக்க வருகிற கூட்டம் அது.